சாலைப் பராமரிப்பா, பேருந்தா: வளரும் நகரத்தின் போக்குவரத்து நிதியை எப்படிப் பிரிப்பது?

குறிப்பேடு எழுதியது:

வணக்கம். மக்கள்தொகை வேகமாகப் பெருகிவரும் நகரம் ஒன்றின் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கென அமைக்கப்பட்ட குடிமக்கள் குழுவில் நானும் ஒருவன். எனக்குப் பொறியியலும் தெரியாது, பொருளியலும் தெரியாது. கணக்கேடுகளைப் புரட்டிப் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அடுத்த 5 ஆண்டுகளுக்குப் போக்குவரத்து என்ற தலைப்பில் ஒதுக்கவிருக்கும் தொகையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியில் குழு இரண்டாகப் பிளந்து நிற்பதால், துறை அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு தரப்பினர், கண்ணெதிரே குண்டும் குழியுமாகக் கிடக்கும் சாலைகளைச் சீர்செய்யாமல் புதுப் பேருந்துகளைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசுவதே தவறு என்கிறார்கள். மறு தரப்பினரோ, சாலைக்கு எவ்வளவு கொட்டினாலும் சில ஆண்டுகளில் வாகனங்கள் பெருகி நெரிசல் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால், பெரும்பகுதியைப் பொதுப் போக்குவரத்துக்கே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கேட்கும்போது இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் அச்சம். அப்படி முடித்தால் சண்டை ஓயும், ஆனால் ஏன் பாதி என்று யாராலும் சொல்ல முடியாது.

கூட்டத்துக்கு முன்பாக, ஒரு பேருந்துத் தடத்தில் தொடக்கத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். ஒரு நிறுத்தத்தில், நடைபாதையை ஒட்டிக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரியாக மூடப்படாமல் உள்வாங்கிக் கிடந்ததால், ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்ட முடியாமல் நடுச்சாலையிலேயே நிறுத்தினார். முதியவர் ஒருவர் அந்த உள்வாங்கிய மண்ணில் இறங்கி, பிறகு படியில் காலை உயர்த்தி ஏற வேண்டியிருந்தது. அவர் ஏறி முடிக்கும்வரை பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒலிப்பானை அடித்துக்கொண்டு நின்றன. அதைச் சாலைப் பிரச்சினை என்பதா, பேருந்துப் பிரச்சினை என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

என் கேள்வி இதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே முன்னுரிமையைத் தீர்மானிக்க, பாதிக்குப் பாதியைவிட உருப்படியான முறை ஏதாவது உண்டா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எங்களுக்குக் கொடுத்த ஆவணத்தில் ஒட்டுப்போடும் வேலை, மேல்பூச்சு, சாலை அகலப்படுத்துதல், மேம்பாலம் ஆகிய நான்கும் 'சாலை மேம்பாடு' என்ற ஒரே தலைப்பில் ஒரே தொகையாகக் காட்டப்பட்டிருக்கின்றன.

---

தார்மணம் எழுதியது:

நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்கிற சாலையைக் காப்பதும் புதிதாக அகலப்படுத்துவதும் ஒரே தலைப்பில் வந்துவிட்டால், இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடும். மேம்பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. மழைநீர் வடிகாலைத் தூர்வாரியதற்கும் விரிசலை அடைத்ததற்கும் யாரும் நாடா வெட்ட வருவதில்லை. ஆகவே உங்கள் குழு முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தலைப்பை உடைத்துத் தாருங்கள் என்பதுதான்.

பராமரிப்பு என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பதற்கு ஒரு பள்ளம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் போதும். தார்ச்சாலையின் மேல்பரப்பு வெயிலில் காய்ந்து இறுகி, முடியளவு விரிசல் விடுகிறது. அந்த விரிசல் வழியே இறங்கும் நீர் அடியிலுள்ள ஜல்லிப் படுகையில் தங்குகிறது. ஈரம் ஏறிய படுகைக்குத் தாங்கும் வலு குறைந்துவிடும். மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் நீர் அழுத்தப்பட்டு, நுண்மண்ணையும் சேர்த்துக்கொண்டு விரிசல் வழியே வெளியே பீச்சும். மழை விட்ட மறுநாள், காய்ந்த சாலையில் விரிசலின் ஓரமாகச் சேற்று நிறத்தில் ஒரு கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே படுகை காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு ஒரு நாள் மேல்தோல் உடைந்து உள்ளே விழுகிறது. மக்கள் அன்றைக்குத்தான் பள்ளம் விழுந்தது என்று புகார் எழுதுகிறார்கள். உண்மையில் அது பல மாதங்களாக விழுந்துகொண்டே இருந்தது.

இதனால்தான் சாலையின் தேய்மானம் நேர்க்கோட்டில் போவதில்லை. பல ஆண்டுகள் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று சரியும். அந்தச் சரிவுக்கு முன்பே விரிசலை அடைத்து மெல்லிய மேல்பூச்சு போட்டால் ஆகும் செலவும், சரிந்த பிறகு அடித்தளம் வரை தோண்டி மறுபடி கட்டினால் ஆகும் செலவும் மடங்குக் கணக்கில் வேறுபடும். 1994ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கையில் உலக வங்கி ஒரு கணக்கைச் சொன்னது: ஆப்பிரிக்காவில் அதற்கு முந்தைய பத்தாண்டில் 1,200 கோடி டாலரை உரிய காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும். ஆகவே உங்கள் நகரம் 'மிக மோசமான சாலை முதலில்' என்ற வரிசையில் பணத்தைச் செலவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நடுத்தரச் சாலைகள் எல்லாம் அதற்குள் சரிந்து, அடுத்த ஆண்டின் மோசமான சாலைகளாகி வரிசையில் வந்து நிற்கும். ஏற்கெனவே அடித்தளம் போன சாலை இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் அதன் மறுகட்டுமானச் செலவு பெரிதாக ஏறிவிடாது. சரிவின் விளிம்பில் இருக்கும் சாலையை இரண்டு ஆண்டு விட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

இனி பேருந்துத் தரப்பினருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷோ நடத்திய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த பாடம், சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுப்பளுவின், அதாவது வண்டியின் ஓர் அச்சு சாலைமேல் இறக்கும் எடையின், ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது. காரின் அச்சில் ஏறத்தாழ 1 டன், ஆள் நிறைந்த பேருந்தின் பின்அச்சில் ஏறத்தாழ 10 டன் என்று வைத்துக்கொண்டால், 10இன் நான்காம் அடுக்கு 10,000, அதாவது அந்த ஓர் அச்சு செய்யும் சேதம் 10,000 கார் அச்சுகள் செய்வதற்குச் சமம். கார்கள் சாலையை உடைப்பதில்லை. லாரியும் பேருந்தும்தான் உடைக்கின்றன. அதிலும் நிறுத்தங்களில் பேருந்து பிரேக் போட்டு நின்று மறுபடி கிளம்பும்போது, வெயிலில் இளகிய தார் அலை அலையாக ஒதுங்கிவிடும். மின்பேருந்துகளில் மின்கலத்தின் எடையும் சேர்ந்துகொள்கிறது. எனவே பேருந்துகளை வாங்கிவிட்டு, அவை ஓடும் தடத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தாமல் விடுவது பாதி வேலை.

கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, பேருந்துக்கெனத் தனித்தடம் அமைப்பதில் உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் திட்டம். அந்தத் தடத்தின் கான்கிரீட் பாளங்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே பல இடங்களில் உடையத் தொடங்கி, பெரும் செலவில் மாற்ற வேண்டியதாயிற்று. பேருந்துகளில் குறையில்லை, திட்டத்திலும் குறையில்லை. அவற்றுக்குக் கீழே இருந்த சாலைதான் தாங்கவில்லை. குறைந்தபட்சம் பேருந்து நிறுத்தங்களில் மட்டுமாவது கான்கிரீட் தளம் போடச் சொல்லுங்கள்.

---

தடக்கணக்கர் எழுதியது:

பேருந்து அட்டவணை போடுவது என் தொழில். தார்மணம் ஐயா சொன்னதை என் பக்கத்திலிருந்து ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் குழுவில் இதை அப்படியே பலகையில் எழுதலாம்.

ஒரு தடத்தில் 10 பேருந்துகள் ஓடுகின்றன. ஒரு பேருந்து போய்த் திரும்பி, இரு முனைகளிலும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வேண்டிய ஓய்வையும் சேர்த்து ஒரு சுற்று முடிக்க 120 நிமிடம் ஆகிறது என்றால், நிறுத்தத்தில் நிற்பவருக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிடைக்கும். சாலை கெட்டு, தோண்டிய இடங்களில் ஊர்ந்து, நிறுத்தங்களில் ஓரங்கட்ட முடியாமல் அதே சுற்று 150 நிமிடமாகிவிட்டால், அதே 10 பேருந்துகளுக்கு இடைவெளி 15 நிமிடமாகிறது. பழைய 12 நிமிடத்தையே காப்பாற்ற வேண்டுமென்றால் பன்னிரண்டரை, அதாவது 13 பேருந்துகள் வேண்டும். கூடுதலான அந்த 3 பேருந்துகளையும், அவற்றுக்கு இரண்டு வேளைக்கும் வேண்டிய ஓட்டுநர்களையும், எரிபொருளையும் நிர்வாகம் பொதுப் போக்குவரத்து முதலீடு என்று எழுதிக்கொள்ளும். பயணிக்கு அதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. நீங்கள் பார்த்த அந்த நிறுத்தத்தில் உள்வாங்கிய பள்ளத்தை ஒழுங்காக மூடியிருந்தால் கிடைத்திருக்கும் பலனை, பேருந்து வாங்கி ஈடுகட்டுகிறோம்.

இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். நெரிசலான பகுதியில் மட்டும் பேருந்துக்கெனத் தடம் ஒதுக்கி, சிக்னலில் சற்று முன்னுரிமையும் கொடுத்து, சுற்று நேரத்தை 100 நிமிடமாகக் குறைத்துவிட்டால், ஒரு பேருந்தும் வாங்காமல் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிடைக்கிறது. சியோல் நகரம் 2004 ஜூலையில் தன் பேருந்து அமைப்பை மாற்றியபோது நடுச்சாலையில் பேருந்துத் தடங்களை ஒதுக்கியதும், பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து ஒரே கட்டணமுறையைக் கொண்டுவந்ததும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். இடைவெளி குறைந்தால் ஆட்கள் கூடுவார்கள். ஆட்கள் கூடினால் இன்னும் அடிக்கடி ஓட்டுவதற்கு நியாயம் பிறக்கும். அதனால் காத்திருக்கும் நேரம் எல்லாருக்கும் குறையும். பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் இதைச் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். கீழ்நோக்கிய சுழலும் அதே விதிப்படிதான் நடக்கிறது என்பதை நாங்கள் பணிமனையில் அன்றாடம் பார்க்கிறோம்: ஸ்பிரிங் பட்டை உடைந்து ஒரு வண்டி நின்றால், அந்த நடையில் வர வேண்டியவர்கள் அடுத்த வண்டியில் பிதுங்குவார்கள், அந்த வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதமாகி, பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்து, இரண்டும் ஜோடியாக வந்து சேரும்.

இடம் என்ற கோணமும் உண்டு. சாலையில் ஒரு வரிசை வண்டி போகும் அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் மட்டும் போனால் மணிக்கு 600 முதல் 1,600 பேரையும், அதே அகலத்தைப் பேருந்துக்கென ஒதுக்கினால் மணிக்கு 4,000 முதல் 8,000 பேரையும் கொண்டுசெல்ல முடியும் என்பது அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோவின் வழிகாட்டி தரும் அளவு. மக்கள்தொகை கூடிக்கொண்டே போகும் நகரத்தில் சாலையின் அகலம் அப்படியேதான் இருக்கப்போகிறது என்பதால், நீண்ட காலத்தில் இந்த வேறுபாட்டைவிட முக்கியமானது வேறில்லை என்பேன்.

ஆனாலும் உங்கள் குழுவின் மறு தரப்பினர் ஒன்றை மிகைப்படுத்துகிறார்கள். டுரான்டன், டர்னர் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் கூடிய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடியது என்று கண்டார்கள். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டியதாலும் சாலையில் வாகன ஓட்டம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. இதை யாரும் சொல்வதில்லை. பேருந்தில் ஒருவர் ஏறியதால் காலியாகும் இடத்தில் வேறொருவரின் கார் வந்து நிற்கும். ஆகவே நெரிசல் தீர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துப் பேருந்துக்கு நிதி கேட்காதீர்கள். அதே நெரிசலுக்கு நடுவே இன்னும் பல மடங்கு மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்ச்சேர வழி கிடைக்கும் என்று கேளுங்கள். காப்பாற்றக்கூடிய வாக்கு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட ஒதுக்கீடு பெரும்பாலும் மூலதனச் செலவுக்கு, அதாவது வாங்குவதற்கும் கட்டுவதற்கும் ஆகும் செலவுக்குத்தான். பேருந்து வாங்குவது அதில் வரும். அதை ஓட்டும் செலவு வராது. ஓட்டுநர் சம்பளத்துக்கும் உதிரிபாகத்துக்கும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதப்படாத பேருந்துத் திட்டத்தை ஏற்காதீர்கள்.

---

இருசக்கரம் எழுதியது:

இருவரும் நிறைய அறிந்தவர்கள் என்பது புரிகிறது. ஆனால் படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது, மன்னிக்க வேண்டும்.

நான் குடியிருப்பது பேருந்தே வராத உட்பகுதியில். வேலை முடிந்து இரவில் இருசக்கர வாகனத்தில்தான் திரும்ப வேண்டும். மழை பெய்த இரவில் நீர் நிரம்பிய பள்ளம் சாலையைப் போலவே மினுக்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கும் அதில் பட்டுக் கண்ணைக் கூசும்போது எது தார், எது தண்ணீர் என்று தெரியாது. முன்சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். எனக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது அப்படித்தான். அதோடு இரண்டு மாத வருமானமும் போயிற்று. இப்போது பொறியாளர் வந்து, மோசமான சாலை காத்திருக்கலாம், நடுத்தரச் சாலையை முதலில் காப்போம் என்கிறார். பேருந்துக்காரர் வந்து, பேருந்து ஓடும் தடத்தை முதலில் சீர்செய்வோம் என்கிறார். பேருந்தும் இல்லாத, சாலையும் இல்லாத எங்களுக்கு இரண்டு வரிசையிலும் கடைசி இடம்தானா? நல்ல சாலையில் குடியிருப்பவர்களுக்கு மேலும் நல்ல சாலை என்ற திட்டத்துக்கு நாங்களும் ஏன் வரி கட்ட வேண்டும்?

---

தார்மணம் எழுதியது:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் பிரித்துச் சொல்லாமல் விட்டது என் தவறு. 'மோசமான சாலை காத்திருக்கலாம்' என்று நான் சொன்னது முழு மறுகட்டுமானத்தைப் பற்றி மட்டும்தான். உயிரையும் கையையும் காலையும் பறிக்கும் பள்ளத்தை மூடுவது அந்த வரிசையிலேயே வராது. அதற்குத் தனி நிதி, தனிக் குழு, புகார் வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்ற கெடு வேண்டும். எந்தத் தெரு, யார் குடியிருக்கும் தெரு என்ற கேள்வியே அங்கே எழக்கூடாது.

ஆனால் அந்த ஒட்டு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் பாருங்கள். லாரியிலிருந்து தார்க்கலவையை நீர் நிற்கும் பள்ளத்திலேயே கொட்டி, மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, மிச்சத்தை லாரிச் சக்கரம் அமுக்கிக்கொள்ளும் என்று போய்விட்டால், அது அடுத்த மழையில் அப்படியே பெயர்ந்து, சிதறிய ஜல்லி உங்கள் சக்கரத்துக்கு இன்னொரு ஆபத்தாகும். ஓரங்களை நேராக வெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் தளர்ந்த மண்ணையும் எடுத்து, பக்கங்களில் தார்க்குழம்பு பூசி, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு அமுக்கினால் அதே இடம் ஆண்டுகளுக்கு நிற்கும். முதல் முறைக்குச் சில நிமிடம், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் வரை. 'இத்தனை பள்ளங்களை மூடினோம்' என்ற எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம், முதல் முறையைத்தான் ஊக்குவிக்கும். ஒட்டு இத்தனை மாதம் பெயராமல் நிற்க வேண்டும் என்று ஒப்பந்ததாரரைப் பொறுப்பாக்க வேண்டும்.

---

வரவுசெலவு எழுதியது:

நிதி நிர்வாகத்தில் இருந்தவள் என்பதால், பணம் எங்கிருந்து வரலாம் என்பதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

முதலாவது, கடன். கடன் வாங்கிச் செய்யும் வேலை, கடன் தீரும் வரையாவது பயன்பட வேண்டும். 20 ஆண்டுக் கடனில் 6 ஆண்டு நிற்கும் மேல்பூச்சைப் போட்டால், அந்தச் சாலை மறுபடி பெயர்ந்த பிறகும் நகரம் 14 ஆண்டுகளுக்கு அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும். எனவே ரயில் பாதை, பேருந்துப் பணிமனை, வடிகால் போன்ற நீண்டகாலச் சொத்துக்களுக்குக் கடனையும், பராமரிப்புக்கு ஆண்டு வருவாயையும் ஒதுக்குவதே ஒழுங்கு. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. பராமரிப்பை ஐந்தாண்டு ஒத்திப்போட்டுவிட்டு, பிறகு அதையெல்லாம் சேர்த்து 'மறுசீரமைப்புத் திட்டம்' என்று பெயரிட்டுக் கடன் கேட்பார்கள்.

இரண்டாவது, சாலையைத் தோண்டுபவர்கள். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், இணையக் கேபிள் என்று ஒருவர் பின் ஒருவராக வெட்டும்போது அவர்கள் கட்டும் தொகை, வெட்டிய இடத்தை மேலோட்டமாக மூடுவதற்கே போதுமானதாக இருக்கிறது. சாலையின் ஆயுள் குறைவதற்கு யாரும் ஈடுகட்டுவதில்லை. புதிதாகத் தார் போட்ட சாலையை இத்தனை ஆண்டு வெட்டக் கூடாது, அவசரமாக வெட்டியே ஆக வேண்டுமென்றால் பல மடங்குக் கட்டணம் என்று விதி வைத்தால், வருவாயைவிட ஒழுங்கு வரும்.

மூன்றாவது, சாலையைப் பயன்படுத்துவோரிடம் வாங்குவது. லண்டன் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தபோது, நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. கூடுதல் பேருந்துகளும் அன்றே சாலைக்கு வந்துவிட்டன. ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்தி, எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்த பிறகு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2007இல் அது நிலையானது. அங்கேயும் கூடுதல் பேருந்துகள் சோதனைக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தன. மாற்று வழி கண்ணில் படுவதற்கு முன்னால் கட்டணம் கேட்டால் அது தண்டமாகத்தான் தெரியும். 'இருசக்கரம்' போன்றவர்கள் தெருவில் இறங்குவார்கள், இறங்க வேண்டியதுதான்.

கூடவே ஒன்று. பராமரிப்பை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு அது கடன்போலச் சேர்வது சாலைக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1976இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் மெட்ரோ ரயில், நீண்ட காலம் ஒத்திப்போட்ட பராமரிப்பின் விளைவாக, 2016 மார்ச்சில் ஒரு நாள் முழுவதும் மூடப்பட்டு மின்வடங்கள் சோதிக்கப்பட்டன. பிறகு ஏறத்தாழ ஓராண்டு பகுதி பகுதியாகத் தடங்களை மூடிப் பழுதுபார்த்தார்கள். உங்கள் நகரம் ரயில் கட்ட ஆசைப்பட்டால், 30ஆம் ஆண்டில் அதை யார் பழுதுபார்ப்பார்கள் என்ற வரியும் அறிக்கையில் இருக்கட்டும்.

---

குறிப்பேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சாலை என்றும் பேருந்து என்றும் இரண்டு பெட்டிகளோடு வந்த நான், இப்போது வேறு பெட்டிகளோடு கூட்டத்துக்குப் போகப்போகிறேன். நான் முன்வைக்க நினைப்பது இது: ஆபத்தான பள்ளங்களை மூடுவதற்கான நிதியும், பேருந்து ஓட்டும் செலவும் எந்தப் பேரத்துக்கும் உட்படாமல் முதலில் எடுத்துவைக்கப்பட வேண்டும், அடுத்து, சரியும் நிலையில் இருக்கும் சாலைகளின் பராமரிப்பு, அதிலும் பேருந்து ஓடும் சாலைகளுக்கு முன்னிடம். அகலப்படுத்துதலும் மேம்பாலமும் ஒரு பக்கம், பேருந்துத் தடமும் புது வண்டிகளும் மறு பக்கம் என்று இதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் போட்டி போட வேண்டும்.

'இருசக்கரம்' கேட்டதற்கு இது முழுப் பதில் ஆகாது என்பதும் தெரிகிறது. பேருந்து வராத பகுதிகளுக்குச் சிறு பேருந்தாவது வர, அங்குள்ள ஒரு சாலையையாவது முழுதாகக் கட்டித்தர வேண்டும் என்று தனியாக எழுதப்போகிறேன். அது செலவுக் கணக்கில் முன்னால் வராவிட்டாலும் கேட்கத்தான் போகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. நிர்வாகத்திடம் ஒரே ஒரு தகவலைத்தான் கேட்டு வாங்க முடியும் என்றால் எதைக் கேட்கலாம்?

---

தடக்கணக்கர் எழுதியது:

பேருந்துகளில் இருக்கும் ஜிபிஎஸ் பதிவைக் கேளுங்கள். எந்த நிறுத்தத்துக்கும் எந்த நிறுத்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அதிகாலைக்கும் நெரிசல் வேளைக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அதிகாலையிலேயே ஊர்கிற இடத்தில் குறை சாலையில் இருக்கிறது. நெரிசல் வேளையில் மட்டும் ஊர்கிற இடத்தில் பேருந்துத் தடம் தேவைப்படுகிறது. பெரும்பாலும் ஒரு தடத்தின் தாமதத்தில் பெரும்பகுதி நாலைந்து இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

---

தார்மணம் எழுதியது:

அதோடு சாலை வெட்டு அனுமதிப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், ஒரே விண்ணப்பத்தில் போய்விடும். அந்த நாலைந்து இடங்களையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் பார்த்த அந்த நிறுத்தத்தில் பள்ளத்தை மூட வேண்டியவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.